ஏஞ்சல் கட்ஸ்: நாமி (1979 திரைப்படம்)

‘ஏஞ்சல் கட்ஸ்: நாமி’ 1979ஆம் ஆண்டில் வெளியான ஜப்பானியத் திரைப்படம். நொபோரு தனாகா இயக்க, தகாஷி இஷீ எழுத, நிக்காட்சு நிறுவனம் தயாரித்தது. ஜப்பானிய மொழியில் இதன் பெயர் ‘தென்ஷி நோ ஹராவதா: நாமி’. ‘தென்ஷி’ என்றால் தேவதை, ‘ஹராவதா’ என்றால் குடல். இதே தலைப்பில் வந்த படவரிசையில் இது மூன்றாவது படம். நாமியாக எரி கனுமாவும், முராகி என்ற ஆடவனாக டாக்கேயோ சியியும் நடித்தனர்.

பெண்கள் இதழ் ஒன்றின் செய்தியாளர் நாமி. பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்களைத் தேடிப்பிடித்து, அவர்களது அனுபவத்தைக் கேட்டு எழுதுவது அவளுடைய பணி. அந்தத் தேடல் மெல்ல மெல்லப் பித்தாக மாறி அவளையே குலைத்துவிடுவதுதான் கதை. படம் வயது வந்தோருக்கானது, அதில் கொடுமையான காட்சிகள் உண்டு. அவற்றை இங்கே விவரிக்கத் தேவையில்லை. பிறர் துயரத்தைக் கேட்டு எழுதுவது எந்த இடத்தில் உதவியாக இருக்கிறது, எந்த இடத்தில் தீங்காக மாறுகிறது என்ற கேள்வியை இப்படம் எழுப்புகிறது. இதழியல் படிப்பவர்களும் படத்தைப் பற்றி அறிந்துகொள்வது இந்தக் கேள்விக்காகத்தான்.

நிக்காட்சுவின் நெருக்கடி

1912இல் தொடங்கப்பட்ட நிக்காட்சு, ஜப்பானின் மிகப் பழைய பெரும் படநிறுவனம். 1958இல் ஜப்பானியத் திரையரங்குகளில் ஓராண்டில் விற்ற நுழைவுச்சீட்டுகள் 112 கோடிக்கும் மேல். தொலைக்காட்சிப் பெட்டி வீட்டுக்கு வீடு வந்த பிறகு 1972இல் அது 19 கோடிக்கும் கீழே இறங்கிவிட்டது. 14 ஆண்டுகளில் பார்வையாளர் எண்ணிக்கை ஆறில் ஒரு பங்காகச் சுருங்கினால் எந்த நிறுவனமும் தாங்காது. இழுத்து மூடுவதா, வேறு வழி தேடுவதா என்ற நிலையில் நிக்காட்சு 1971 நவம்பரில் ‘ரோமன் போர்னோ’ என்ற வரிசையைத் தொடங்கியது. இங்கே ‘ரோமன்’ என்பதற்கும் ரோமாபுரிக்கும் தொடர்பில்லை. ‘ரொமான்டிக்’ என்பதன் சுருக்கமாகவே அது பொதுவாகக் கொள்ளப்படுகிறது.

இந்த வரிசையின் ஏற்பாடு வினோதமானது. படம் சுமார் 70 நிமிடம் ஓட வேண்டும். குறைந்த செலவில், குறைந்த நாட்களில் முடிக்க வேண்டும். குறிப்பிட்ட இடைவெளிகளில் பாலியல் காட்சி இடம்பெற வேண்டும். இவற்றை நிறைவேற்றிவிட்டால் கதை, நடை, முடிவு ஆகியவற்றில் நிறுவனம் பெரும்பாலும் தலையிடாது. ஆகவே வேறு எங்கும் சொல்ல இடம் கிடைக்காத கதைகளைச் சொல்ல விரும்பிய இளம் இயக்குநர்கள் பலர் இதற்குள் வந்தனர். 1988 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் இப்பெயரில் வெளிவந்தன. அவற்றில் பெரும்பகுதி காலத்தோடு போய்விட்டது. சில படங்கள் மட்டும் இன்றும் திரைப்பட விழாக்களில் திரையிடப்படுகின்றன.

தொடங்கிய வேகத்திலேயே, 1972இல், இப்படங்கள் சில ஆபாசக் குற்றச்சாட்டில் காவல்துறையிடம் சிக்கின. வழக்கு நீண்டது. 1978இல் கீழ்நீதிமன்றமும் 1980இல் உயர்நீதிமன்றமும் குற்றமில்லை என்று தீர்ப்பளித்தன. அதாவது ‘நாமி’ வெளியானபோது வழக்கு முழுமையாக முடிந்திருக்கவில்லை.

இயக்குநர் தனாகா (1937–2006) இவ்வரிசையின் முதன்மையான கலைஞர்களுள் ஒருவராக மதிக்கப்படுபவர். 1936இல் ஜப்பானையே உலுக்கிய சதா அபே கொலை வழக்கைத் தழுவி 1975இல் இவர் எடுத்த படம், அதே நிகழ்வை நகிசா ஓஷிமா உலகப்புகழ் பெறும் வகையில் படமாக்குவதற்கு ஓராண்டு முன்பே வந்துவிட்டது.

ஒரே பெயர், பல பெண்கள்

கதையாசிரியர் தகாஷி இஷீ (1946–2022) முதலில் படக்கதை ஓவியர். ‘தென்ஷி நோ ஹராவதா’ 1970களில் அவர் வரைந்து எழுதிய படக்கதை. வயதுவந்தோர் படிக்கும் ‘கெகிகா’ வகையைச் சேர்ந்தது. மழை, நியான் விளக்கு, இரவுத் தெரு ஆகியவை அவருடைய ஓவியத்தில் திரும்பத் திரும்ப வரும்.

அவருடைய கதைகளில் பெரும்பாலும் பெண்ணின் பெயர் நாமி, ஆணின் பெயர் முராகி. பல படங்களில் இந்தப் பெயர்கள் வந்தாலும் ஆட்கள் வேறு. ஒரு படத்தில் நாமி விடுதி ஊழியர், இன்னொன்றில் கடைப் பணிப்பெண், மற்றொன்றில் செய்தியாளர். நடிகையும் மாறுவார். தொடர்கதை என்று எண்ணி ஒன்றன்பின் ஒன்றாகப் பார்ப்பவர்கள் குழம்புவது இயல்பு. ‘நாமி’ என்பதை எழுதும் இரு சித்திர எழுத்துகளுக்கும் முறையே ‘பெயர்’, ‘அழகு’ என்று பொருள். அழகான பெயர்தான். ஆனால் அப்பெயர் கொண்ட பெண்ணுக்கு எந்தக் கதையிலும் நன்மை நேர்வது அரிது.

படவரிசையின் முதல் படம் 1978இல் வந்தது. இஷீயே திரைக்கதை எழுதத் தொடங்கியது இரண்டாவது படமான ‘சிவப்பு வகுப்பறை’யில்தான். ‘நாமி’யைப் புரிந்துகொள்ள அதே ஆண்டில் அதற்கு முன் வந்த இப்படத்தைப் பார்ப்பது அவசியம். இரண்டும் ஒரே கேள்வியை இரு பக்கங்களிலிருந்து அணுகுகின்றன.

சிவப்பு வகுப்பறை

இதை இயக்கியவர் சூசெய் சோனே. (இவரது வாழ்க்கையே ஒரு கதை. திரையுலகை விட்டு விலகி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் எங்கே இருக்கிறார் என்றே தெரியாமல் இருந்து, 2011இல் ஒரு திரைப்பட விழாவில் மீண்டும் தோன்றினார். 2014இல் மறைந்தார்.)

இப்படத்தில் முராகி ஒரு கீழ்த்தரப் பாலியல் இதழின் ஆசிரியர். திருட்டுத்தனமாகத் திரையிடப்படும் ஒரு நீலப்படத்தைப் பார்க்கிறான். பள்ளிக்கு ஆசிரியப் பயிற்சிக்கு வந்த ஓர் இளம்பெண் வகுப்பறையில் வன்முறைக்கு ஆளாகும் காட்சி அது. அந்தப் பெண்ணின் நடிப்பு அவனை உலுக்குகிறது. யார் இந்த நடிகை என்று தேடத் தொடங்குகிறான். பிறகு ஒரு விடுதியில் தற்செயலாக அவளைப் பார்த்து, அங்கே பணிபுரியும் நாமி அவள் என்று தெரிந்துகொள்கிறான். அப்போதுதான் உண்மை வெளிப்படுகிறது. அது நடிப்பு அன்று. நடந்த குற்றத்தை யாரோ படமெடுத்து விற்றிருக்கிறார்கள்.

கதையின் அச்சு இந்த இடத்தில்தான் இருக்கிறது. முராகி கலை என்று வியந்து பார்த்தது உண்மையில் ஒரு குற்றத்தின் சாட்சியம். அவனைப் போன்றவர்கள் பணம் கொடுத்துப் பார்ப்பதால்தான் அந்தச் சுருள் ஊர் ஊராகச் சுற்றுகிறது, அந்தப் பெண்ணால் எங்கேயும் நிலையாக வாழ முடிவதில்லை. இதழாசிரியன் என்ற முறையில் அவனும் அந்த வணிகத்தின் ஒரு கண்ணி.

அவளை நேசிப்பதாகச் சொல்கிறான். மறுநாள் சந்திக்க இருவரும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் அவனது இதழில் வயது குறைந்த பெண்ணின் படம் வந்ததற்காகக் காவல்துறை அவனைப் பிடித்துச் சென்றுவிடுகிறது. நாமி மழையில் காத்திருந்து ஏமாறுகிறாள். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, மனைவியும் குழந்தையும் உள்ள முராகி அவளை ஒரு மோசமான மதுக்கடையில் மீண்டும் காண்கிறான். ‘வந்துவிடு’ என்று அழைக்கிறான். அவளோ, நீ இந்தப் பக்கம் வருகிறாயா என்று கேட்கிறாள். அவனால் அது முடியாது. நீர் தேங்கிய குட்டையில் தெரியும் அவளது நிழலுருவோடு படம் முடிகிறது.

முராகியின் இரக்கம் பொய் அன்று. ஆனால் அது பாதுகாப்பான தூரத்திலிருந்து காட்டப்படும் இரக்கம். கை நீட்டுவான், இறங்கி வரமாட்டான்.

நாமி: எல்லையைக் கடப்பவள்

ஆறு மாத இடைவெளியில் வந்த ‘நாமி’ இதற்கு நேர் எதிர்த் திசையில் செல்கிறது. இங்கே தூரத்தில் நிற்பவர் எவரும் இல்லை. செய்தியாளர் நாமி மிக அருகில் போகிறாள்.

தொடக்கத்தில் அவள் திறமையான, துணிச்சலான தொழில்காரி. பேச விரும்பாத பெண்களையும் விடுவதில்லை. வேலை செய்யும் இடத்துக்கே போய் நிற்கிறாள், கேட்ட கேள்வியையே மறுபடி கேட்கிறாள். அப்பெண்களில் பலர் நடந்ததை மூடி வைத்துவிட்டு எப்படியோ ஒரு வாழ்க்கையை அமைத்துக்கொண்டவர்கள். அவள் வந்து கேட்கும்போது மூடிய புண் மறுபடி திறக்கிறது. ஆனால் அவள் கையில் இருப்பது அடுத்த இதழுக்கான பக்கங்கள். வாசகர்களும் அவற்றுக்காகக் காத்திருக்கிறார்கள்.

இந்தத் தொழிலின் அழுக்கை முன்பே கண்ட முராகி வழியில் குறுக்கிட்டு அவளை எச்சரிக்கிறான். அவள் கேட்பதாக இல்லை. பேட்டிகள் கூடக் கூட, கேட்பதற்கும் அனுபவிப்பதற்கும் இடையே உள்ள சுவர் கரைகிறது. பிறர் சொன்ன நிகழ்வுகள் அவளுக்கே நேர்ந்தவை போலக் கண்முன் தோன்றுகின்றன. மருத்துவமனைச் செவிலியர் ஒருவரின் கதையை அவள் எட்டும்போது படம் திகில் படத்தின் எல்லைக்குள் நுழைந்துவிடுகிறது. எது நடந்தது, எது அவள் மனத்தில் ஓடியது என்று பிரித்தறிவது பார்வையாளருக்கும் கடினமாகிறது.

மற்றவர் அடைந்த அதிர்ச்சியைத் தொடர்ந்து கேட்பவர்களிடமும் அதே அதிர்ச்சியின் அறிகுறிகள் தோன்றலாம் என்பது இன்று உளவியலில் ஏற்றுக்கொள்ளப்பட்ட செய்தி. மனநல ஆலோசகர், மீட்புப் பணியாளர், செய்தியாளர் ஆகியோருக்கு இது பற்றிப் பயிற்சி தரப்படுகிறது. படம் வெளியான 1979இல் இப்படிப்பட்ட பேச்சு பொதுவெளியில் இல்லை. ஆனாலும் நாமியை வெறும் பாதிக்கப்பட்டவளாகப் படித்துவிட முடியாது. அவள் மனம் உடைவதற்கு முன் எத்தனை பேரின் மனத்தை உடைத்திருக்கிறாள் என்பதையும் படம் கணக்கில் வைத்திருக்கிறது. ‘சிவப்பு வகுப்பறை’ வடிவில் சீரான படம், ‘நாமி’ சில இடங்களில் கட்டுமீறிப் போகிறது. செய்தியாளரின் பொறுப்பு என்ற அளவில் மட்டும் பார்த்தால் ‘நாமி’தான் கூர்மையானது.

வார இதழ்களின் உலகம்

நாமியின் வேலை கற்பனை அன்று. 1956இல் ‘ஷூகன் ஷிஞ்ச்சோ’ என்ற வார இதழ் தொடங்கப்பட்டது. அதுவரை வார இதழ்களை நாளிதழ் நிறுவனங்களே நடத்திவந்தன, புத்தகப் பதிப்பகம் ஒன்று நடத்திய முதல் பெரிய வார இதழ் இதுவே. அடுத்த சில ஆண்டுகளில் இத்தகைய இதழ்கள் பெருகின. பெண்களுக்கான ‘ஜோசெய் ஜிஷின்’ 1958இல் வந்தது.

ஜப்பானில் அமைச்சகங்கள், காவல்துறை போன்ற இடங்களில் ‘கிஷா கிளப்’ எனப்படும் செய்தியாளர் மன்றங்கள் உண்டு. நாளிதழ், தொலைக்காட்சிச் செய்தியாளர்களே அவற்றில் இடம்பெறுவர். அதிகாரப்பூர்வச் செய்திகள் அங்கேதான் முதலில் கிடைக்கும். வார இதழ்காரர்கள் பெரும்பாலும் வெளியே நின்றவர்கள். எனவே மன்றத்துக்குள் கிடைக்காததைத் தெருவில் தேடினார்கள். நாளிதழ்கள் தொடத் தயங்கிய ஊழல்களை வெளிக்கொணர்ந்த பெருமை இவ்விதழ்களுக்கு உண்டு. தனிமனிதர்களின் படுக்கையறை வரை நுழைந்த பழியும் உண்டு.

சட்டத்தின் நிலையும் சேர்ந்துகொண்டது. 1907ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின்படி, வல்லுறவுக் குற்றத்தில் பாதிக்கப்பட்டவர் தாமே புகார் கொடுத்தால்தான் பொதுவாக வழக்கு நடக்கும். அதுவும் ஆறு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். இந்தக் கால வரம்பு 2000ஆம் ஆண்டில்தான் நீங்கியது. புகார் அவசியம் என்ற விதி 2017இலும், வன்முறையோ மிரட்டலோ இருந்ததென்று காட்ட வேண்டும் என்ற பழைய வரையறை 2023இலும் மாறின. படம் வந்த காலத்தில் ஒரு பெண் நீதிமன்றத்தில் பேசுவது அரிது. அவளைப் பேசவைக்க முயன்றவர்களில் முன்னே நின்றது நாமியைப் போன்ற இதழ்காரர்தான். எழுதுபவர் எவ்வளவு நல்ல எண்ணத்தோடு சென்றாலும், கேட்கப்பட்டவருக்கு அதனால் நீதி கிடைக்கவில்லை. தலைப்பு மட்டுமே கிடைத்தது.

படத்தின் மேல் உள்ள குற்றச்சாட்டு

இத்தகைய படங்களை விமர்சகர்கள் ‘எக்ஸ்பிளாய்டேஷன்’ வகை என்பர். நேரடிப் பொருள் ‘சுரண்டல்’. பார்வையாளரின் ஆவலையோ அச்சத்தையோ தூண்டிக் காசாக்கும் படம் என்பது கருத்து. ‘நாமி’யின் மீது இக்குற்றச்சாட்டு இரட்டிப்பாக விழுகிறது. பெண்களின் துயரத்தை விற்கும் இதழைக் கண்டிக்கும் இப்படம், அதே துயரத்தைத் திரையில் காட்டித்தான் நுழைவுச்சீட்டு விற்றது. வன்முறைக் காட்சிகளைக் கவர்ச்சிக் காட்சிகளைப் போலவே ஒளியமைத்துக் காட்டுவது அக்கால நிக்காட்சு படங்கள் பலவற்றில் உள்ள குறை. பெண்ணியத் திறனாய்வாளர்கள் இதைக் கடுமையாகக் கண்டித்துள்ளனர், அக்கண்டனம் நியாயமானது. நிறுவனத்தின் விதிப்படி இத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு காட்சி வேண்டும் என்றிருக்கும்போது, இயக்குநர் எவ்வளவு சிந்தித்தாலும் அந்தக் கணக்கிலிருந்து முழுமையாகத் தப்ப முடியாது.

மறுதரப்பு வாதமும் உண்டு. திரையரங்குக்கு வந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அவர்கள் பார்க்க விரும்பி வந்ததைக் காட்டிவிட்டு, ‘இதைப் பார்க்க விரும்பும் நீ யார்?’ என்று படம் திருப்பிக் கேட்கிறது என்பது அவ்வாதம். ‘சிவப்பு வகுப்பறை’க்கு இது பெரிதும் பொருந்தும். அங்கே முதலில் பார்த்து ரசித்தது பின்னால் குற்றமென்று தெரியும்போது, முராகியோடு சேர்ந்து பார்வையாளரும் கூசிப்போகிறார். ‘நாமி’க்கு இது பாதி அளவே பொருந்தும். சில காட்சிகளில் கேள்வி எழுவதற்கு முன்பே காட்சியின் பரபரப்பு அதை விழுங்கிவிடுகிறது.

அச்சிலிருந்து ஒளிநாடாவுக்கு

இஷீ இதே கருவை விடவில்லை. 1981இல் வந்த ‘சிவப்பு போர்னோ’வில் நாமி ஒரு பெரிய கடையின் பணிப்பெண். தோழிக்குப் பதிலாக ஒருமுறை மட்டும் ஓர் இதழுக்குப் படம் எடுக்க நின்றவள். அந்த ஒரே அச்சுப் படம் அவள் வாழ்க்கையைத் துரத்துகிறது. இதை இயக்கியவர் தோஷிஹாரு இகேதா. இருவரும் மீண்டும் சேர்ந்த ‘ஈவில் டெட் டிராப்’ (1988) படத்தில் நாமி நள்ளிரவுத் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் தொகுப்பாளர். ஒளிநாடாக்களை அனுப்புங்கள் என்று பார்வையாளர்களைக் கேட்கிறாள். ஒருநாள், ஒரு பெண் கொல்லப்படும் காட்சி பதிவான நாடா வருகிறது. காவல்துறையிடம் போகாமல், நிகழ்ச்சிக்கு நல்ல சரக்கு என்று குழுவோடு அந்த இடத்தைத் தேடிப் போகிறாள். இதழ் தொலைக்காட்சியாகிவிட்டது, பித்து அப்படியே இருக்கிறது. வீட்டிலேயே ஒளிநாடா பார்க்கும் வழக்கம் பரவியதால் ரோமன் போர்னோ வரிசையே நின்றுபோனதும் அதே 1988இல்தான்.

இடைப்பட்ட காலத்தில் நடந்த ஓர் உண்மை நிகழ்வு இக்கதைகள் அனைத்தையும் விடக் கொடியது. 1985 ஜூன் 18 அன்று ஒசாகாவில், முதியோர் பலரை ஏமாற்றிய ‘டோயோடா ஷோஜி’ என்ற நிறுவனத்தின் தலைவர் வீட்டின் முன் செய்தியாளர்களும் ஒளிப்பதிவாளர்களும் கூட்டமாகக் காத்திருந்தனர். (கார் தயாரிக்கும் டொயோட்டாவுக்கும் இதற்கும் தொடர்பில்லை.) அவர்கள் கண்முன்னே இருவர் சன்னலை உடைத்து உள்ளே புகுந்து அவரைக் குத்திக் கொன்றனர். கேமராக்கள் ஓடிக்கொண்டிருந்தன, யாரும் தடுக்கவில்லை. அடுத்த ஆண்டே யூயா உச்சிதா எழுதி நடித்த ஒரு படத்தில், பரபரப்புச் செய்தியாளர் ஒருவரின் கதைக்குள் இக்கொலை மறுபடி காட்டப்பட்டது. அங்கே செய்தியாளன் கடைசியில் சன்னலுக்குள் பாய்கிறான். அதை இயக்கிய யோஜிரோ தகிதாவும் மலிவுப் பாலியல் படங்களிலிருந்து வந்தவரே. பின்னர் ‘டிபார்ச்சர்ஸ்’ படத்தால் 2009இல் ஆஸ்கர் விருதை ஜப்பானுக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான்.

அண்மைக் காலத்தில் இக்கேள்வி வேறு வடிவில் வந்துள்ளது. ஷியோரி இத்தோ என்ற செய்தியாளர், தமக்கு நேர்ந்த பாலியல் வன்முறையைத் தாமே புலனாய்வு செய்து 2017இல் வெளிப்படையாகப் பேசினார். உரிமையியல் வழக்கில் 2019இல் வென்றார், 2022இல் உச்ச நீதிமன்றமும் அத்தீர்ப்பை நிலைநிறுத்தியது. கேட்பவரும் சொல்பவரும் இங்கே ஒருவரே. அவர் இயக்கிய ‘பிளாக் பாக்ஸ் டைரீஸ்’ என்ற ஆவணப்படம் 2025 ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. ஆனால் வழக்குக்காக மட்டும் தரப்பட்ட விடுதிக் கண்காணிப்புக் கேமராக் காட்சிகளையும், சிலருடைய பேச்சுப் பதிவுகளையும் உரிய அனுமதியின்றிப் பயன்படுத்தினார் என்று அவருடைய முன்னாள் வழக்கறிஞர்களே எதிர்ப்புத் தெரிவித்தனர். பொதுநலனுக்காகச் செய்தது என்று அவர் விளக்கினார், சிலரது ஒப்புதல் பெறாததற்கு வருத்தமும் தெரிவித்தார். வெளிநாடுகளில் வெளியான பின்னரும் ஜப்பானியத் திரையரங்குகளுக்கு அப்படம் வர நீண்ட காலம் பிடித்தது.